தனிக்குடித்தனம் வந்தவர்களுக்கு: கையில் நாலு காசு தங்க எங்கே தொடங்குவது?

கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவர்கள், வேலை கிடைத்து வேறு ஊரில் முதன்முதலாக வாடகை வீடு பிடித்தவர்கள், இவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். சம்பளம் மோசமில்லை, ஆடம்பரச் செலவும் இல்லை, ஆனாலும் இருபதாம் தேதியைத் தாண்டினால் கையைக் கடிக்கிறது என்று இவர்களில் பலர் சொல்லக் கேட்கிறேன். அதற்கு உடனே வரும் அறிவுரை, டீக்கடைக்குப் போகாதே, சினிமாவுக்குப் போகாதே என்பது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சின்னச் சந்தோஷங்களை வெட்டிப் பிடிக்கும் மிச்சம் இரண்டு மாதம்கூட நிற்காது. வீட்டில் காசு கரைவது கரண்ட் பில், மளிகை, அடுப்பு, வெளிச்சாப்பாடு என்று திரும்பத் திரும்ப வரும் நாலைந்து இடங்களில். அங்கே ஒரு பழக்கத்தை மாற்றிவிட்டால் அப்புறம் நாம் நினைக்காமலே மாதாமாதம் கொஞ்சம் மிஞ்சும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் ஆரம்பிக்க வேண்டாம். மாதம் ஒன்று போதும். கீழே சொல்லியிருக்கும் வரிசையில் போனால் சுலபமாக இருக்கும்.

முதல் மாதம்: எதையும் குறைக்காதீர்கள், எழுதுங்கள்

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிச் சமையலறையில், கண்ணில் படும் இடத்தில் வையுங்கள். தினமும் ராத்திரி பாத்திரம் கழுவி முடித்ததும் அன்றைய செலவை எழுதுங்கள். போனில் ஸ்கேன் பண்ணிக் கொடுத்ததெல்லாம் ஜீபேயில் வரிசையாக இருக்கும், அதைப் பார்த்தே எழுதிவிடலாம். ஆனால் "கடை 640" என்று மொத்தமாக எழுதினால் பிரயோஜனம் இல்லை. எண்ணெய் எவ்வளவு, பருப்பு எவ்வளவு, பிஸ்கட் எவ்வளவு என்று பிரித்து எழுத வேண்டும். அலுப்பாக இருக்கும். ஒரு மாதம்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாதக் கடைசியில் வாடகை, பால், மளிகை, காய், கேஸ், கரண்ட், போன், பயணம், மருந்து, வெளிச்சாப்பாடு என்று தலைப்பு போட்டுக் கூட்டுங்கள். வாடகையை விட்டுவிட்டு, மற்றதில் முதல் மூன்று இடத்தில் எது நிற்கிறது என்று பாருங்கள். உங்கள் வேலை அந்த மூன்றில்தான். மற்றவற்றை இப்போதைக்குத் தொட வேண்டாம்.

ஒரு தலைப்பை மட்டும் மறக்காமல் சேர்த்துக்கொள்ளுங்கள்: மொய். தை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதம் வந்தால் ஒரே மாதத்தில் மூன்று பத்திரிகை வந்து நிற்கும். மொய்ப் பணம், போக்குவரத்து, சேலைக்கு மேட்சாக ஒரு ஜாக்கெட் என்று பட்ஜெட் அங்கேதான் உடையும். தனியாக ஒரு மொய் நோட்டு போட்டு, உங்கள் கல்யாணத்துக்கு யார் எவ்வளவு செய்தார்கள் என்பதை முதல் பக்கங்களில் எழுதிவிடுங்கள். நாம் திருப்பிச் செய்ய வேண்டியது எவ்வளவு என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். அதை 12 மாதத்துக்குப் பிரித்து, மாதம் ஒரு தொகையாக எடுத்து வைக்கலாம். பத்திரிகை வைக்க வந்தவர் முன்னால் முகம் வாட வேண்டியிருக்காது.

இரண்டாம் மாதம்: சம்பளம் வந்த அன்றே ஒதுக்குவது

மிஞ்சினால் சேமிக்கலாம் என்று இருந்தால் மிஞ்சாது. சம்பளம் வந்த அன்றோ மறுநாளோ ஒரு தொகை வேறு இடத்துக்குப் போய்விட வேண்டும். தபால் நிலையத்தில் ஆர்டி கணக்கு, அதாவது மாதாமாதம் ஒரே தொகையைப் போட்டு வரும் கணக்கு, மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்கலாம், 5 வருடக் கணக்கு. தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, தேதி தவறக்கூடாது. தெருவில் யாராவது நடத்தும் ஏலச்சீட்டில் சேரும்படி அக்கம்பக்கத்தில் கூப்பிடுவார்கள். சிட் ஃபண்டுக்கு 1982ஆம் வருடத்துச் சட்டம் இருக்கிறது, பதிவு செய்துதான் நடத்த வேண்டும். பதிவு எண்ணைக் காட்ட முடியாத சீட்டில், எவ்வளவு நெருங்கியவர் நடத்தினாலும், போடாதீர்கள்.

கரண்ட் பில்: 500 யூனிட் என்ற கோடு

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். கட்டணம் படிப்படியாக ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள படியின் விலையும் சேர்ந்து மாறிவிடும் என்பது பலருக்குத் தெரியாது.

2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். முதல் 100 யூனிட் இலவசம். 500க்குள் நின்றால் அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். இதுவே 510 யூனிட் ஓடினால், 101 முதல் 400 வரை எல்லாமே 4.50 ஆகிவிடும், 500க்கு மேல் போன 10 யூனிட்டுக்குத் தலா 8 ரூபாய். மொத்தம் 2,030. பத்தே யூனிட்டுக்கு 305 ரூபாய் கூடுதல்! அதற்குப் பிறகு விலைகள் மாறியிருக்கின்றன, இன்னும் மாறும். அதனால் உங்களுக்கு வரும் பில்லை எடுத்து, எந்தப் படியில் எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். கணக்கெடுத்துவிட்டுப் போன அன்றைய மீட்டர் ரீடிங்கைத் தினசரி காலண்டரில் எழுதிவையுங்கள். 30 நாள் கழித்து நீங்களே மீட்டரைப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும், கிலோவாட் மணி (kWh) என்று காட்டும்போது வரும் எண்தான் வேண்டியது, அதுதான் யூனிட். 30 நாளில் 250 யூனிட்டுக்குள் இருந்தால் நிம்மதி. 280, 290 என்று காட்டினால் கையைப் பிடிக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. பில் வந்த பிறகு புலம்பி ஆவது ஒன்றும் இல்லை.

எதில் பிடிப்பது? ஏசி, வாட்டர் ஹீட்டர், ஃபேன், இந்த மூன்றில். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 72 யூனிட், அதுவும் ஒரே ஒரு ஃபேனுக்கு. மின்சாரம் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ள பிஎல்டிசி ஃபேன் என்றால் 28 முதல் 35 வாட்தான், பாதிக்கும் கீழே. இருக்கிற ஃபேனையெல்லாம் கழற்றிப் போட்டு வாங்கச் சொல்லவில்லை. அதிக நேரம் ஓடும் ஹால் ஃபேனோ படுக்கையறை ஃபேனோ பழுதாகும்போது இதற்கு மாறுங்கள்.

ஏசியை 18இல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்வது நம் ஊரில் பரவலான பழக்கம். 26இல் வைத்து, ஃபேனை மெல்லச் சுழல விட்டால் தூக்கம் கெடாது. ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. ஹீட்டர் 2,000 வாட் என்றால் அரை மணி நேரத்துக்கு 1 யூனிட். போட்டுவிட்டுப் பால் வாங்கப் போகாமல், குளிக்கப் போவதற்குக் கொஞ்சம் முன்னால் போட்டு, குளிக்கும் முன் அணையுங்கள். ஃபிரிட்ஜின் கதவிடுக்கில் ஒரு பேப்பரை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். லேசாக உருவிக்கொண்டு வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். செல்போன் சார்ஜரைப் பிடுங்குவது, டிவியின் சிவப்பு விளக்கை அணைப்பது இதெல்லாம் நல்ல பழக்கம்தான், ஆனால் பில்லில் பெரிதாகத் தெரியாது.

வாடகை வீடு பார்ப்பவர்களுக்கு இன்னொன்று. "கரண்டுக்கு யூனிட்டுக்கு 8 ரூபாய் கொடுத்துவிடுங்கள்" என்று வீட்டுக்காரர் சொன்னால் அந்த இடத்திலேயே கணக்குப் போடுங்கள். இரண்டு மாதத்தில் 200 யூனிட் ஓடும் சின்னக் குடும்பத்துக்கு அது 1,600 ரூபாய். தனி மீட்டர் உள்ள வீட்டில் மேலே சொன்ன கட்டணப்படி அதே 200 யூனிட்டுக்கு 225 ரூபாய்தான். தனி மீட்டர் இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். வாடகை 500 ரூபாய் கூடுதலாக இருந்தாலும் தனி மீட்டர் உள்ள வீடே லாபமாக இருக்கலாம்.

மளிகை: ரேஷன், சிப்பம், வருடச் சாமான்

ரேஷன் கார்டை முகவரிச் சான்றாக மட்டும் வைத்திருப்பவர்கள் நிறைய. அரிசி கார்டு இருந்தால் அரிசி இலவசம், 2011 ஜூனிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும், பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கிடைக்கிறது. வெளியே துவரம்பருப்பு விற்கும் விலைக்கு, மாதம் 1 கிலோ பருப்பு மட்டும் வாங்கினாலே இரண்டு பேர் உள்ள வீட்டுக்குப் பெரிய தொகை மிச்சம். ரேஷன் அரிசியைச் சோற்றுக்குப் பிடிக்கவில்லை என்றால் இட்லி, தோசை மாவுக்குப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம், மாவு நன்றாகவே வரும். புதிதாகக் கல்யாணமானவர்கள் இரண்டு பேரும் அவரவர் பெற்றோர் கார்டிலிருந்து பெயரை நீக்கிவிட்டுப் புதுக் கார்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்தில் பதிந்து தருவார்கள். இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

வெளியே வாங்கும் அரிசியை 5 கிலோ பையாக வாங்காமல் சிப்பமாக, அதாவது மூட்டையாக வாங்குங்கள். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பேக்கிங் அரிசிக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதன் பிறகுதான் அந்த வரி இல்லாத 26 கிலோ மூட்டைகள் கடைகளில் அதிகம் வந்தன. வாங்கும்போது பழைய அரிசியா என்று கேட்டு வாங்குங்கள். புது அரிசி குழையும், பழைய அரிசி அதே ஆழாக்குக்குச் சோறு கூடுதலாகக் காணும். வண்டு வராமல் இருக்க நாலு காய்ந்த மிளகாயும் காய்ந்த வேப்பிலையும் போட்டுவைத்தால் போதும்.

மாதச் சாமானுக்குச் சீட்டு எழுதிக்கொண்டு போவது எல்லோரும் சொல்வது. நான் சேர்த்துச் சொல்வது, சீட்டு எழுதும் முன் டப்பாக்களைத் திறந்து பாருங்கள். இரண்டு பாக்கெட் கடுகு, மூன்று பாக்கெட் சேமியா என்று உள்ளே கிடக்கும். பாக்கெட் வாங்கும்போது விலைக்குப் பக்கத்தில் கிராமுக்கு எவ்வளவு என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், அதை ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய பாக்கெட்தான் மலிவு என்பது எப்போதும் உண்மை இல்லை. சமையல் எண்ணெய் 1 லிட்டர் என்றால் ஏறக்குறைய 910 கிராம் எடை இருக்கும். அதே உயரத்தில், அதே மாதிரியான கவரில் 800 கிராம், 850 கிராம் என்று நிற்பதைப் பார்க்கலாம். விலையைப் பார்க்கும் முன் எடையைப் பாருங்கள்.

அடுத்து வருடச் சாமான். நம் பாட்டிகள் மாசி, பங்குனியில் வருடத்துக்கான சாமானை வாங்கிக் காயவைத்து எடுத்துவைத்தார்கள் என்றால், அது புதுச் சரக்கு சந்தைக்கு வரும் காலம் என்பதால்தான். புளி, மிளகாய் வற்றல், மல்லி மூன்றும் அந்த மாதங்களில் நல்ல தரத்தில், விலை இறங்கியிருக்கும்போது கிடைக்கும். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு இந்த மூன்று போதும். பருப்பையும் பயறையும் வருடத்துக்கு வாங்கி அடுக்க இடமும் இருக்காது, வண்டும் வந்துவிடும்.

புளியைக் கொட்டை, நார் எடுத்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, ஒரு அடுக்கு புளி, ஒரு கை கல்லுப்பு என்று பீங்கான் ஜாடியில் அழுத்தி வையுங்கள். உலோகப் பாத்திரம் வேண்டாம். குழம்பு மிளகாய்த்தூளை மில்லில் அரைத்துக்கொள்ளுங்கள். அரை கிலோ வற்றல், 1 கிலோ மல்லி, துவரம்பருப்பு, கடலைப்பருப்பு, மிளகு, சீரகம் தலா 50 கிராம், வெந்தயம் 25 கிராம், விரலி மஞ்சள் 50 கிராம், இரண்டு கை கறிவேப்பிலை. இது ஒரு நடுத்தரமான அளவு, உங்கள் வீட்டுக் காரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். மஞ்சளைத் தட்டி உடைத்துப் போடுங்கள். எல்லாம் வெயிலில் மொறுமொறுவென்று காய வேண்டும், மிளகாயைக் கிள்ளினால் சட்டென்று உடையும் பதம். மில்லில் மிளகாய்க்கென்று தனி மெஷின் இருக்கும், அதில்தான் அரைக்கச் சொல்ல வேண்டும். அரைத்துக் கொண்டுவந்த தூள் கொதிக்கக் கொதிக்கச் சூடாக இருக்கும். அப்படியே டப்பாவில் அடைத்தால் வேர்த்துக் கட்டி பிடித்துவிடும். பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிட்டு, பிறகு அடையுங்கள். 50 கிராம், 100 கிராம் பாக்கெட்டாக வாங்கும் மசாலாவோடு இதன் விலையை மட்டும் ஒப்பிட்டால் போதாது, மணத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இந்தத் தூளைப் போட்டால் ஒரு கரண்டி குறைவாகவே பிடிக்கும்.

காய்கறி

உங்கள் ஊரில் உழவர் சந்தை இருக்கிறதா என்று விசாரியுங்கள். முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கியது, இன்று பல மாவட்டங்களில் இருக்கிறது. அடையாள அட்டை உள்ள விவசாயிகள் நேராகக் கொண்டுவந்து விற்கிறார்கள். அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள், பேரம் பேச வேண்டிய தேவையே இல்லை. விடியற்காலையில் போனால் பிஞ்சுக் காயும் பனி ஈரம் காயாத கீரையும் கிடைக்கும், எட்டு மணிக்கு மேல் போனால் மீந்ததுதான். வாரத்துக்கு ஒரு நாள் போய் வந்தால் போதும். வாங்கிவந்ததும் கீரையையும் அவரை, கத்திரி போன்றவற்றையும் முதல் மூன்று நாளிலும், பூசணி, சேனை, முட்டைகோஸ், பீட்ரூட்டைக் கடைசி நாட்களிலும் சமைப்பதாக வைத்துக்கொண்டால் எதுவும் அழுகாது. வீணாகும் காய்தான் இருப்பதிலேயே விலை அதிகமான காய்.

மல்லித்தழையின் வேரை வெட்டி, கழுவாமல், பேப்பரில் சுற்றி டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். தண்டை எறியாமல் ரசத்தில் தட்டிப் போடுங்கள். பீர்க்கங்காய்த் தோலை உளுத்தம்பருப்பு, மிளகாய், புளியோடு வதக்கி அரைத்தால் அந்தத் துவையலுக்கே பீர்க்கங்காய் வாங்கலாம் போலிருக்கும். தர்பூசணியின் வெள்ளைச் சதையைப் பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைக்கலாம், சுரைக்காய் மாதிரியே இருக்கும். காலிஃபிளவரின் இளந்தண்டு சாம்பாருக்கு ஆகும்.

விலை ஏறிய காயை விட்டு விலகத் தெரிந்துகொள்வதும் முக்கியம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது சென்னையில் ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கும் நிலை வந்தது. அந்த மாதிரிச் சமயத்தில் தக்காளி இல்லாத சமையல் நம்மிடம் எவ்வளவு இருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள்: மோர்க்குழம்பு, வற்றக்குழம்பு, எலுமிச்சை ரசம், மிளகு ரசம், பொரித்த குழம்பு, தேங்காய்ச் சட்னி. ஐப்பசி, கார்த்திகை மழையில் முருங்கைக்காய் விலை எகிறும். பங்குனி, சித்திரையில் அதே காய் கொட்டிக் கிடக்கும். அப்போது ஆசை தீரச் சாப்பிடலாம்.

அடுப்பு

வீட்டு சிலிண்டரில் கேஸின் எடை 14.2 கிலோ. காலி சிலிண்டரின் எடை அதன் மேல் வளையத்தில் எழுதியிருக்கும். இரண்டையும் கூட்டினால் வரும் எடை இருக்கிறதா என்று, கொண்டுவருபவரிடம் தராசில் நிறுத்துக் காட்டச் சொல்லலாம். அது நம் உரிமை. சிலிண்டர் மாட்டிய தேதியையும் காலண்டரில் எழுதுங்கள். எத்தனை நாள் வந்தது என்று தெரிந்தால்தான் கீழே சொல்வதெல்லாம் பலன் தருகிறதா என்று தெரியும்.

சுடர் நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் கேஸ் வீணாகிறது. பர்னர் ஆறிய பிறகு கழற்றி, ஓட்டைகளை ஊசியால் குத்திச் சுத்தம் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பாத்திரத்தை விட்டு வெளியே சுடர் ஏறினால் அது நேராக நஷ்டம், சின்ன பாத்திரத்துக்குச் சின்ன பர்னர்.

கொண்டைக்கடலை, ராஜ்மா, மொச்சை எல்லாம் முதல் நாள் ராத்திரியே ஊற வேண்டும். துவரம்பருப்பையும் அரிசியையும் அரை மணி நேரம் ஊறவைத்தாலே வித்தியாசம் தெரியும். குக்கரில் கீழே பருப்பு, மேலே தட்டில் அரிசி, அதற்கும் மேலே உருளைக்கிழங்கு என்று ஒரே சூட்டில் மூன்றும் வேகும். முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள், அதற்கு மேல் பெரிய தீயில் வைத்தால் விசில்தான் கத்தும், பருப்பு வேகமாக வேகாது. பாலையும் மாவையும் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு அடுப்பில் வைக்காமல், முன்னதாகவே வெளியே எடுத்து வையுங்கள்.

மாவும் வெளிச்சாப்பாடும்

இட்லி அரிசி 1 கிலோ, உளுந்து கால் கிலோ, ஒரு ஸ்பூன் வெந்தயம். ஊறி, தண்ணீர் சேர்த்து அரைத்தால் 3 கிலோவுக்கு மேல் மாவு வரும். உங்கள் ஊர் விலையில் அரிசி, உளுந்துக்கு ஆகும் காசையும், 3 பாக்கெட் கடை மாவுக்கு ஆகும் காசையும் நீங்களே எழுதிப் பாருங்கள். இரண்டு நாளைக்கு இட்லி, அப்புறம் தோசை, கடைசியில் புளித்த மாவில் வெங்காயம் போட்டுக் குழிப்பணியாரம் என்று ஒரு வாரச் சிற்றுண்டி இதில் ஓடிவிடும்.

ஆப்பில் ஆர்டர் போடுவது எப்போது நடக்கிறது என்று முதல் மாத நோட்டைப் பார்த்தால் தெரியும். ஹோட்டல் சாப்பாடு வேண்டும் என்று ஆசைப்பட்டுப் போடுவதைவிட, இருவரும் களைத்து வந்து சமைக்கத் தெம்பில்லாமல் போடுவதே அதிகமாக இருக்கும். அதனால் களைத்த நாளுக்கென்று சாப்பாடு வீட்டிலேயே இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு புளிக்காய்ச்சல் செய்து வைத்தால் இரண்டு வாரம் கெடாது. பருப்புப்பொடி, எள்ளுப்பொடி, ஒரு ஊறுகாய், நாலு அப்பளம், இருக்கிற மாவு, இவை இருந்தாலே ராத்திரி எட்டு மணிக்குப் போனை எடுக்க மாட்டீர்கள். ஆசைப்பட்டுப் போய் உட்கார்ந்து சாப்பிடும் பிரியாணியை விட வேண்டாம், அது வேறு.

மீந்த சோற்றில் ராத்திரி தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலையில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்தால் கோடையில் அதைவிடக் குளிர்ச்சியான ஆகாரம் இல்லை.

இன்னும் சில, சுருக்கமாக

போன் ரீசார்ஜ் 28 நாள் பிளானாக இருந்தால் வருடத்துக்கு 12 இல்லை, 13 முறை போட வேண்டிவரும். 30 நாள் பிளானும், வருட பிளானும் இருக்கின்றன, ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகிறது என்று வகுத்துப் பார்த்துப் போடுங்கள்.

சர்க்கரை, பிரஷர் மாத்திரை மாதாமாதம் வாங்கும் வீடுகளில் மக்கள் மருந்தகத்தையும், 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு முழுவதும் 1,000 இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகத்தையும் பாருங்கள். அதே மருந்து கம்பெனிப் பெயர் இல்லாமல் வரும்போது விலை வெகுவாகக் குறையும். டாக்டரிடம் மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக் பெயரை) எழுதித் தரச் சொல்லுங்கள்.

பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. வேலைக்குப் போகும் பெண்கள் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுப்பதை மாதக் கணக்காகப் பார்த்தால், பத்து நிமிடம் முன்னால் கிளம்பி பஸ்ஸைப் பிடிக்கத் தோன்றும்.

ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்தால் பாத்ரூம் கழுவவும் வாசல் தெளிக்கவும் ஆகும். பழைய பனியன், லுங்கியைக் கிழித்துக் கரித்துணி ஆக்கிக்கொள்ளுங்கள். பழைய பேப்பர்க்காரருக்குப் போடும்போது அட்டைப்பெட்டி, பேப்பர், பிளாஸ்டிக்கைத் தனித்தனியாகக் கட்டி வைத்து நிறுக்கச் சொல்லுங்கள்.

இங்கெல்லாம் மிச்சம் பிடிக்காதீர்கள்

பாலிலும் முட்டையிலும் பழத்திலும் குறைக்காதீர்கள், முக்கியமாகக் குழந்தையோ கர்ப்பிணியோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில். மாத்திரையைப் பாதியாக உடைத்து நாளைக் கடத்தாதீர்கள். பொரித்த எண்ணெயைக் கறுக்கும் வரை திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள். மீந்ததை வடிகட்டி இரண்டொரு நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள், அடுத்த முறை பொரிக்க வேண்டுமென்றால் கொஞ்சமாக ஊற்றிச் சின்ன வாணலியில் பொரிக்கலாம். வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் சம்பளத்தில் லீவுக்குப் பிடித்தம் செய்து சேர்க்கும் காசு நமக்கு வேண்டாம்.

ஒயர், பிளக், சுவிட்ச் வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததை, பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள். கேஸ் ஹோஸை 5 வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். தேதி அந்த ஹோஸின் மேலேயே அச்சிட்டிருக்கும். குடிபோன வீட்டில் முன்பு இருந்தவர்கள் விட்டுப்போன ஹோஸ் என்றால் தேதியைத் தேடிக்கொண்டிருக்காமல் முதல் வாரமே புதிது வாங்கி மாட்டிவிடுங்கள்.